கடைசி நூறு அடி



போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு பைபர் இணைப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் ஒரு பதிவாப் போடணுமா?" என்று வீட்டம்மா கேட்டார். ஊரில் பாதி வீட்டில் இருப்பதுதான், நாம் கொஞ்சம் லேட். ஆனால் முப்பத்தைந்து வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு வீட்டுக்குள் ஒரு கம்பி வந்தால்கூட, அது எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று பார்க்கத் தோன்றுகிறது. நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலிலேயே பாடத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். தந்தி, டெலிபோன், இன்டர்நெட் எதை எடுத்தாலும், கடலையும் மலையையும் தாண்டிய கதை சீக்கிரமே நடந்துவிட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிற கடைசி நூறு அடிதான் ஒவ்வொரு முறையும் இழுத்தடித்தது. அந்த நூறு அடியை முடிவு செய்தது விஞ்ஞானம் இல்லை, மனிதர்கள்.

தந்தியிலிருந்து தொடங்குவோம். 1839-ல் கல்கத்தாவில் ஓஷாக்னஸி என்ற அயர்லாந்து டாக்டர் கம்பி வழியே சேதி அனுப்பிச் சோதித்துப் பார்த்தார். டல்ஹவுசி காலத்தில் அவரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். 1855-ல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் கம்பியால் இணைந்து, பொதுமக்களும் தந்தி கொடுக்கலாம் என்று ஆனது. 1871-ல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பியும் போய்விட்டது. கப்பலில் நாள் கணக்கில் போகவேண்டிய தூரத்தைச் சேதி ஒரே நாளில் கடந்தது.

ஆனால் தந்திக் கம்பி தந்தி ஆபீஸ் வரைக்கும்தான். அங்கிருந்து வீட்டுக்கு? சைக்கிளில் வரும் தந்திக்காரர். அந்த ஏற்பாடு 2013 ஜூலையில் தந்தியே மூடப்படும் வரை மாறவில்லை. வாசலில் அவர் மணி அடித்தால், பிரிப்பதற்கு முன்பே பாட்டிமார் அழ ஆரம்பித்துவிடுவார்கள். உங்களில் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

டெலிபோன் கதையும் இப்படித்தான். கிரகாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876-ல். ஆறே வருஷத்தில், 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். கல்கத்தாவில் அப்போது 93 சந்தாதாரர்கள். தனியார் கம்பெனிகள் நடத்திய இந்த நகர எக்ஸ்சேஞ்சுகளை 1943-ல் அரசு எடுத்துக்கொண்டது. சுதந்திரம் வந்தபோது நாடு முழுவதும் இருந்த டெலிபோன் சுமார் 80 ஆயிரம். 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தது. ஊரையும் ஊரையும் சேர்ப்பது நடந்துகொண்டே இருந்தது. வீட்டையும் தெருவையும் சேர்ப்பதுதான் நடக்கவில்லை.

எங்கள் தெருவில் முதல் டெலிபோன் மேலண்டை வீட்டுப் பெரியம்மா வீட்டில்தான். அவர் வீட்டுக்காரர் ரைஸ் மில் வைத்திருந்தார், வியாபாரத்துக்காக வாங்கியது. கறுப்பு நிறம், விரலை விட்டுச் சுற்றுகிற டயல். அந்த ஒரு டெலிபோன் தெருவில் பதினோரு வீட்டுக்கும் டெலிபோன். கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'பிபி' என்று அச்சடிப்போம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், பிபி என்றால் ரத்த அழுத்தம் இல்லை. பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டால் வந்து பேசுவார்கள் என்று அர்த்தம். போன் வந்தால் பெரியம்மா கொல்லை மதில் மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, லைன்ல இருக்காங்க, ஓடியா" என்று குரல் கொடுப்பார். அவர் அடுப்பில் என்ன வைத்திருந்தார், எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

1986-ல் என் அப்பாவை தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அண்ணன் கூட இருந்தார். எனக்கு மறுநாள் காலை பள்ளியில் அரைப் பரீட்சை வேலை, அதனால் மன்னார்குடி திரும்பியிருந்தேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் பெரியம்மா, கையில் அரிக்கேன் விளக்கு. கரண்ட் இல்லை, மழை வேறு. "அண்ணன் பேசினாரு, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், உடனே கிளம்பு" என்றார். மில் லாரி டிரைவரையும் அவரே எழுப்பிவிட்டிருந்தார். விடியும் முன் தஞ்சாவூர் போய்விட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார். ஆறரை மணிக்குப் போய்விட்டார்.

அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று தந்தியும் கொடுத்திருந்தார். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு அந்தத் தந்தி வந்து சேர்ந்தது. தந்தியை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த வருஷமே டெலிபோனுக்குப் பதிவு செய்தேன். வரிசையில் நின்றேன். எவ்வளவு காலம் தெரியுமா? ஏழு வருஷம். இது என் ஒருவன் கதை இல்லை, நாட்டின் கதையே அதுதான். 1991-ல் 84 கோடி மக்களுக்கு இருந்த இணைப்பு சுமார் 50 லட்சம். கூடுதல் முன்பணம் கட்டினால் முன்னுரிமை கிடைக்கும் திட்டம் ஒன்றும் இருந்தது. வாத்தியார் சம்பளத்தில் அதை எண்ணிப் பார்க்க முடியாது.

இந்த இடைக்காலத்தில் நம்மைக் காப்பாற்றியவை மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள். 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தில் நம் பொறியாளர்களே நம் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கினார்கள். 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் 128 லைன் கொண்ட முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் வந்தது. சாம் பிட்ரோடா பெயரை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கம்பி எல்லா வீட்டுக்கும் வர முடியாது, அதனால் மக்கள் கம்பி இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்பதே பூத்தின் தத்துவம். ராத்திரி கட்டணம் குறைந்த பிறகு பூத் வாசலில் நின்ற கூட்டமும், ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகப் பேசியதும் யாருக்கு மறக்கும்?

1994-ல் மத்திய அரசு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை வெளியிட்டது. 1997-க்குள் கேட்டவுடன் டெலிபோன் என்பது அதன் இலக்கு. அதே 1994-ல் எங்கள் வீட்டுக்கும் டெலிபோன் வந்தது. முதல் போனை யாருக்குப் பண்ணுவது என்று வீட்டில் பட்டிமன்றம். நான் மேலண்டை வீட்டுக்கு டயல் செய்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இங்கேயே கேட்டது. பெரியம்மா எடுத்து, "இனிமே நீ ஓடி வர மாட்ட" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம், 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் தொடங்கியது. அதுவும் முதலில் மதராஸ் போன்ற பெருநகரங்களில்தான். நம் ஊருக்கு அது பிரவுசிங் சென்டராக வந்தது. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க நீங்கள் அங்கே வரிசையில் நின்றதும், உங்கள் மார்க்கை எழுதிக்கொண்டு வந்து நான் தலைமையாசிரியரிடம் கொடுத்ததும் இன்னொரு நாள் எழுத வேண்டிய கதை. 2004-ல் பிராட்பேண்ட் கொள்கை வந்தபோது, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றார்கள். 2013-ல் அதை 512 ஆக்கினார்கள், 2023-ல் 2 மெகாபிட். இப்போது நம் வீட்டுக்கு வந்திருப்பது 100 மெகாபிட். 2004 கணக்குப்படி ஏறக்குறைய 400 மடங்கு. 2007-ல் பழைய செப்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட் வாங்கினேன். மழை வந்தால் அது படுத்துவிடும்.

இனி கண்ணாடி இழையின் கதை. ஒளியை வளைந்த பாதையில் கொண்டுபோக முடியும் என்பது 19-ம் நூற்றாண்டிலேயே தெரியும். கொட்டும் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து போவதைச் சோதனையாகக் காட்டியிருக்கிறார்கள். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர் போவதற்குள் மங்கிவிடும்.

1966-ல் சார்லஸ் காவ், தன் சகா ஹாக்ஹமோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒன்றைச் சொன்னார். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போன பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், டெலிபோனுக்குப் பயன்படுத்தலாம். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் அதைச் சாதித்தார்கள். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போனாலும் கிட்டத்தட்ட பாதி ஒளி மிச்சமிருக்கும். காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-ல், கட்டுரை வந்து 43 வருஷம் கழித்து. பரிசுக்கும் கடைசி நூறு அடி உண்டு போலிருக்கிறது.

நம் நாட்டில் 1979-லேயே புனேயில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்க இழை போட்டுவிட்டார்கள். 2002-ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் இழைக் கேபிள் வந்தது. 1871-ல் தந்திக் கம்பி போன அதே இரண்டு ஊர்கள். அந்தச் சிங்கப்பூரில்தான் என் மகள் இருக்கிறாள். அவள் முகமும் பேரன் முகமும் போனில் தெரிவது இப்படிப்பட்ட கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான். ஆனால் சென்னைக் கடற்கரையைத் தொட்ட இழை எங்கள் தெரு முனைக்கு வர இருபது வருஷம் ஆனது. தெரு முனையிலிருந்து என் வீட்டுக்கு வராமல் நின்றதற்குக் காரணம் நான்தான்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகள் நச்சரித்ததில் மூன்று மாதம் முன்பு பைபருக்குப் பதிவு செய்தேன். ஆதார் நகல், போட்டோ, கைபேசியில் ஓ.டி.பி., பத்து நிமிஷ வேலை. ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கு அதுவே பிரமிப்பாக இருந்தது. மறுநாளே இரண்டு பையன்கள் ஏணியோடு வந்தார்கள். பார்த்துவிட்டு, "சார், பாக்ஸ் மேலண்டை வீட்டை ஒட்டின போஸ்ட்ல இருக்கு. அவங்க மாடி வழியா இழுத்தா நூறு அடிதான். தெருவைச் சுத்தி வரணும்னா எல்லாம் ஈ.பி. போஸ்ட், அதுல நாங்க கட்டக்கூடாது. அந்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார்" என்று போய்விட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. பெரியம்மாவின் மகனும் நானும் பதினெட்டு வருஷமாகப் பேசுவதில்லை. அவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். 2006-ல் எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து மட்டை விழுந்து அவன் வீட்டு ஷீட் உடைந்தது. மரத்தை வெட்டச் சொன்னான். அது என் அப்பா வைத்த மரம், முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்குப் பாடம் நடத்தினவன்கிட்டயே பேச வந்துட்டியா" என்று தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். 2009-ல் பெரியம்மா இறந்தபோது நான் வாசல் வரை போய் மாலையை வைத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். அந்தத் தென்னை 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்தது. மரம் போய்விட்டது. சண்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றுகூடத் தேடினேன். வரலாற்று வாத்தியார் புத்தி. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம் யார் இடத்தின் மேலும் கம்பி கொண்டுபோக அரசுக்கு அதிகாரம் கொடுத்தது, சேதம் வந்தால் ஈடு கொடுத்தால் போதும். அதற்குப் பதிலாக வந்த 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் தனியார் இடமென்றால் உரிமையாளரோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளச் சொல்கிறது. படித்து முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பெரியம்மா ராத்திரி இரண்டு மணிக்கு அரிக்கேனோடு வந்தது எந்தச் சட்டத்தின் எத்தனாவது பிரிவில்?

இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். "ஈகோ உங்களுக்கா, பேரனுக்கா?" என்று வீட்டம்மா ஒருநாள் கேட்டார். அன்று சாயங்காலம் போனேன். அவன் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான், எட்டாம் வகுப்பில் நின்ற மாதிரியே. கேபிள் விஷயத்தை முதலில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. அம்மாவுக்குக்கூட உள்ள வந்து கும்பிடாம போனேன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உள்ள வாங்க சார்" என்றான். ஹாலில் பெரியம்மா படம், அதற்குக் கீழே அந்தக் கறுப்பு டெலிபோன் துடைத்து வைத்திருந்தது. கும்பிட்டேன். காபி வந்தது. கிளம்பும்போதுதான் கேபிளைப் பற்றிச் சொன்னேன்.

"மாடியில பழைய கேபிள் டிவி ஒயர் போன கொக்கி இருக்கு சார், அதுலயே கட்டிக்கச் சொல்லுங்க. இதுக்கு ரெண்டு மாசமா?" என்றான்.

வியாழக்கிழமை வேலை நடந்தபோது அவனே மாடியில் நின்று கேபிளைப் பிடித்துக் கொடுத்தான். அந்தப் பையன்கள் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு உறையை உரித்தால் உள்ளே தலைமுடி மாதிரி ஓர் இழை. ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நுனியை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒரு சிறு கருவியில் நேராக வெட்டி, இரண்டு முனையையும் மின்பொறியால் உருக்கி ஒட்டினார்கள். நெல் வயலில் நாற்று நடுகிற கைப்பக்குவம். வேலை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் கேட்டேன், ஒருவன் டிப்ளமோ, இன்னொருவன் பத்தாவது.

நீங்களும் போடுவதாக இருந்தால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். போஸ்ட் பாக்ஸிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கேபிளைச் சுவர் முனையில் சுருக்கென்று மடிக்க விடாதீர்கள், ஒளி கசிந்துவிடும். முடித்த பிறகு மீட்டரில் என்ன வந்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். நமக்கு மைனஸ் 19 வந்தது. சாதாரணமாக வீடுகளுக்குப் போடும் இணைப்பில் மைனஸ் 27-ஐத் தாண்டினால் லைன் தள்ளாடும். பின்னாளில் புகார் சொல்லும்போது அந்த எண் உதவும். கழற்றிய கேபிள் முனையை யாரும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

முக்கியமானது ஒன்று. அன்று ராத்திரியே கரண்ட் போனது, டெலிபோனும் போனது. வீட்டம்மா திகைத்துவிட்டார். பழைய செப்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் சேர்ந்தே வந்தது. அதனால்தான் 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோதும் லேண்ட்லைன் பேசியது. அரிக்கேனோடு பெரியம்மா வந்த ராத்திரியிலும் கரண்ட் இல்லாமலே அந்த மணி அடித்தது. கண்ணாடி இழை ஒளியை மட்டும்தான் கொண்டுவரும், மின்சாரம் நம் வீட்டுடையது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். கட்டாயம் வாங்கி வையுங்கள். நான் மறுநாளே வாங்கிவிட்டேன்.

2011-ல் மத்திய அரசு எல்லாக் கிராமப் பஞ்சாயத்துக்கும் இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, இப்போது அதன் பெயர் பாரத்நெட். நம் மாநிலத்தில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள். இழை பஞ்சாயத்து ஆபீஸ் வரை போகும். அங்கிருந்து ஒரு பிள்ளையின் படிப்பு மேஜை வரை போக, அங்கேயும் யாரோ ஒருவர் மாடியைத் திறந்துவிட வேண்டும், கேபிளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். உங்களில் பஞ்சாயத்துத் தலைவர்கள் இருக்கிறீர்கள், கேபிள் ஆபரேட்டர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அந்த நூறு அடி உங்கள் கையில்.

இதை எழுதும் முன் மேலண்டை வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டி அனுமதி வாங்கினேன். "பேரைப் போடாதீங்க சார், மத்தபடி போடுங்க. அம்மா இருந்தா சிரிச்சிருப்பாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து பேரன் வந்தான், திரை நிறைய, கொஞ்சமும் நிற்காமல். அவனுக்குக் காட்ட மேலண்டை வீட்டுக்காரனையும் கூப்பிட்டேன். மதில் மேல் எட்டிப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். "லைன்ல இருக்காங்க, ஓடியா!"

நம் பழைய எண் மாறவில்லை. 1994-லிருந்து உங்களில் பலர் கூப்பிட்ட அதே எண்தான். கூப்பிடுங்கள். உங்கள் தெருவில் பிபி போன் யார் வீட்டில் இருந்தது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
மன்னார்குடி